பாடு மாறிய சனிக்கிழமை

எண்பதுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. பொன்னேரியில் பி.காம். முடித்து, மெட்ராசில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். எங்கள் குப்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான்தான். இதை யாரும் கேட்காமலே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த ஆளும் நான்தான்.

வேலை ஏரிக்கு அந்தப் பக்கம், பழவேற்காட்டில். மீனவர்களுக்கு உதவுகிற ஒரு தொண்டு நிறுவனம், பழைய மரைக்காயர் வீடு ஒன்றின் மாடியை வாடகைக்கு எடுத்திருந்தது. எந்த ஊரில் எந்த மாதம் என்ன மீன் கிடைக்கிறது என்று கணக்கெடுப்பது அவர்கள் திட்டம். அதற்காக ஒரு கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. புதுசு இல்லை. எந்தக் கம்பெனியோ வேண்டாமென்று தள்ளிய மெஷின். பச்சை எழுத்துத் திரை, கனமான கீபோர்டு, முகத்தில் ஃப்ளாப்பி போட இடப்பக்கம் ஒரு வாய், வலப்பக்கம் ஒரு வாய். அதற்கென்று சொந்தமாக ஒரு ஞாபகமும் கிடையாது. இடது வாயில் சிஸ்டம் ஃப்ளாப்பியைப் போட்டு சுவிட்சைத் தட்டினால்தான் தான் ஒரு கம்ப்யூட்டர் என்பதே அதற்கு நினைவு வரும்.

முதலில் ஒரு சிஸ்டம்தான் இருந்தது. ஒரு வருடம் அதில் ஓட்டினேன். பிறகு மெட்ராசிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். இனிமேல் உலகமே இதில்தான் ஓடப்போகிறது என்று சொல்லி, ஒரு புது சிஸ்டத்தின் ஃப்ளாப்பியைக் கொடுத்துவிட்டு, இறால் பொரியல் சாப்பிட்டுவிட்டுப் போனார். சிக்கல் என்னவென்றால், மீன் கணக்கெடுக்கும் புரோகிராம் பழைய சிஸ்டத்தில் மட்டும்தான் ஓடும். கடிதம், பட்டியல் எல்லாம் புதியதில்தான். ஆகவே ஒரு நாளைக்கு எட்டு பத்து தடவை மெஷினை அணைப்பேன். இதை உருவி அதைச் செருகுவேன். மறுபடி சுவிட்சைத் தட்டி, அது கறகறவென்று அரைத்து முடிக்கும்வரை காத்திருப்பேன். ஒரே உடம்பில் காலையில் ஒரு சாமி, மாலையில் ஒரு சாமி இறங்குகிற மாதிரி. எது இறங்கியிருக்கிறது என்பது முகத்தைப் பார்த்தால் தெரியாது. இரண்டுமே திரையின் ஓரத்தில் ஆங்கில ஏ எழுத்தையும், பக்கத்தில் கூராக ஓர் அடையாளத்தையும் காட்டிவிட்டு அப்படியே நிற்கும்.

குணத்தில் மட்டும் ஒரு பெரிய வித்தியாசம் இருந்தது. ஒரு ஃப்ளாப்பியில் உள்ளதை இன்னொன்றுக்குப் பிரதி எடுக்க வேண்டுமானால், பழைய சிஸ்டத்தில் எங்கே போக வேண்டும் என்பதை முதலில் சொல்ல வேண்டும், எங்கிருந்து என்பதைப் பிறகு. புதியதில் தலைகீழ். எங்கிருந்து என்பது முதலில், எங்கே என்பது பிறகு. இதை நான் இன்றுவரை மறக்கவில்லை. மறக்கவும் முடியாது.

இனி பாடு என்பதைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தை ஒட்டி மீனும் இறாலும் நன்றாகப் படுகிற சில இடங்கள் உண்டு. அங்கே வலை கட்டும் உரிமைக்குத்தான் எங்களிடம் பாடு என்று பேர். எல்லாரும் எல்லா நாளும் அங்கே இறங்க முடியாது. கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு, ஒவ்வொரு தலைக்கட்டுக்கும் முறை வைத்து ஒரு நாள். ஒருவனுக்கு உடம்பு முடியவில்லை, ஊரில் இல்லை என்றால் தன் நாளை இன்னொருவனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் நாளைத் தான் வாங்கிக்கொள்வான். அப்படி மாற்றிக்கொள்ளும்போது இரண்டு பேரும் கோயில் கொட்டகைக்குப் போய், அங்கே இருக்கிற பெரியவர்கள் யாராவது இரண்டு பேர் காதில் போட்டுவிட்டு வர வேண்டும். எழுத்தெல்லாம் கிடையாது. இரண்டு பேருக்குத் தெரிந்தால் ஊருக்குத் தெரிந்த மாதிரி.

இந்த ஏற்பாட்டைத்தான் நான் திருத்தப் போனேன். ஊர்க்கூட்டத்தில் எழுந்து நின்று, "பாட்டு முறைய நான் கம்ப்யூட்டர்ல ஏத்தறேன். வாரா வாரம் தாள்ல அடிச்சு கொட்டகையில ஒட்டறேன். மாத்திக்கிறவங்க எங்கிட்ட வந்து சொன்னா போதும்" என்று பேசினேன். ஒரு பெரியவர், "ரெண்டு ஆளு சாச்சி வேணாமாப்பா?" என்றார். "மெஷினு மறக்காது, ஒரு பக்கமா பேசாது. அது ஒண்ணே போதும்" என்றேன். கொட்டகையே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, மூலையில் உட்கார்ந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெருமை தாங்காமல் போனால் அவர் அப்படித்தான் செய்வார்.

ஆறேழு மாதம் நன்றாகவே நடந்தது. கம்ப்யூட்டர் அறை வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சோப்பும் வைத்தேன். மாற்றம் சொல்ல வருகிறவர்கள் கை கால் கழுவிக்கொண்டு, வாசற்படிக்கு வெளியே நின்றுதான் சொல்ல வேண்டும். தூசும் உப்பும் மெஷினுக்கு ஆகாது என்று சொல்லிவைத்தேன். உண்மையில் எனக்கு ஆகாதது மீன் வாடை. அதாவது என் நைனாவின் வாடை, என் வாடை. அதை அந்த அறைக்குள் விட எனக்கு மனசில்லை. இதைச் சொல்ல இன்றைக்கும் கூசுகிறது. ஆனால் சொல்லப்போகிற பெரிய விஷயத்துக்கு முன்னால் இது ஒன்றுமே இல்லை.

எங்கள் பக்கத்து வீட்டில் ஓர் அண்ணன் இருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். நிறைமாதமாக இருந்த அவர் மனைவியை அக்கா என்று கூப்பிடுவேன். காலையில் என்னைப் படகில் ஏற்றிக் கோல் ஊன்றி அந்தக் கரையில் விடுவது அவர்தான். என் வெள்ளைச் சட்டை நனையாமல் இருக்க ஒரு பலகையைத் துடைத்துப் போட்டுவைப்பார். ஒரு வெள்ளிக்கிழமை காலை, என்னை இறக்கிவிட்ட கொஞ்ச நேரத்தில் அவரே மாடியேறி வந்தார். காலைக் கழுவிக்கொண்டு படிக்கு வெளியே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, உங்க அக்காவ வலி வந்து பொன்னேரி ஆஸ்பத்திரிக்கி இட்டுனு போய்க்கிறாங்க. நானும் போறேன். வர்ற செவ்வாக்கெயம என் பாடு. அத மீசக்காரருக்கு குடுத்துட்டேன். அமாவாசைக்கு மறுநாளு அவரு பாடு வருதில்ல, அது எனுக்கு. எயுதிக்கோ."

மீசைக்காரர் எங்கள் குப்பத்து ஆள்தான். மீசையை விடக் குரல் பெரியது. அண்ணனுக்கு அந்த மாற்றம் நல்ல மாற்றம். மழைத் தண்ணீர் வடிந்து, அமாவாசை நீரோட்டம் இழுக்கும் நாட்களில்தான் இறால் கூட்டமாக இறங்கும். அந்த ஒரு நாள் கிடைத்தால் குழந்தை வீட்டுக்கு வருவதற்குள் கூரை மாற்றிவிடலாம் என்று முந்தின வாரமே படகில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக் கூரை மழைக்குப் பத்து இடத்தில் ஒழுகும்.

நான் அவர் பார்க்கும்படியாகவே தட்டினேன். "ஏத்திட்டேண்ணா. நீ கெளம்பு. மெஷின்ல ஏறுச்சுன்னா ஏறுனதுதான்."

அவர் போன பிறகு சிமெண்டுத் தரையில் இரண்டு ஈரக் கால்தடம் இருந்தது. அது காய்வதையும் பார்த்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைதோறும் இடது வாயில் புது சிஸ்டத்தோடு ஒரே ஃப்ளாப்பியில் இருக்கும் பாட்டுப் பட்டியலை, வலது வாயில் இருக்கும் காப்பு ஃப்ளாப்பிக்குப் பிரதி எடுத்துவைப்பேன். ஒன்று கெட்டுப்போனாலும் இன்னொன்று மிஞ்சும் என்கிற முன்ஜாக்கிரதை. அன்று காலையிலிருந்து பழைய சிஸ்டத்தில் மீன் கணக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். மதியம் எங்கள் நிறுவனத்து ஆபீசர் கடிதம் கேட்டார், புதியதுக்கு மாற்றினேன். மறுபடி கணக்கு கேட்டார், பழையது. கரண்ட் வேறு இரண்டு முறை போய் வந்தது. கடைசியாகப் புது சிஸ்டத்தைப் போட்டு, திரையில் அந்த ஏ எழுத்து வந்து நின்றதும், கிளம்புகிற அவசரத்தில் பிரதி எடுக்கும் கட்டளையைத் தட்டினேன். கட்டளை என்னவோ புது சிஸ்டத்தின் கட்டளைதான். கை மட்டும் பழைய பழக்கத்தில் போய்விட்டது. எங்கே என்பதை முதலில் சொன்னது, எங்கிருந்து என்பதைப் பிறகு.

மெஷின் எதிர்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு ஃபைல் பிரதி எடுக்கப்பட்டது என்று பணிவாகச் சொன்னது. போன சனிக்கிழமையின் பழைய பட்டியல் இந்த வாரத்துப் பட்டியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. அந்த வாரம் புதிதாக ஏற்றியிருந்தது ஒரே ஒரு மாற்றம்தான், வெள்ளிக்கிழமை மாற்றம். நான் அணைத்துவிட்டு விசிலடித்துக்கொண்டே படியிறங்கினேன்.

அண்ணனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. பத்து நாள் கழித்துத்தான் ஊருக்கு வந்தார். செவ்வாய்க்கிழமை மீசைக்காரர் அவர் இடத்தில் வலை கட்டி நல்ல மீன் எடுத்திருந்தார். அதில் ஒரு தகராறும் இல்லை. தகராறு அமாவாசைக்கு முந்தின நாள்தான் வந்தது. கொட்டகையில் நான் ஒட்டியிருந்த தாளில், அமாவாசைக்கு மறுநாள் பாட்டுக்கு நேரே மீசைக்காரர் பெயரே இருந்தது. அண்ணன் போய்க் கேட்டிருக்கிறார். மீசைக்காரர் தாளைக் காட்டியிருக்கிறார்.

அண்ணன் என்னிடம் ஓடிவந்தார். அவசரத்தில்கூட காலைக் கழுவ மறக்கவில்லை.

"தம்பி, தாள்ல அவரு பேரே போட்டுக்குது. நீ அன்னிக்கி எயுதனல்ல?"

"இருண்ணா, பாக்கறேன்" என்று உள்ளே திரும்பினேன். இடது ஃப்ளாப்பியைத் திறந்து பார்த்தேன், இல்லை. வலது ஃப்ளாப்பி, அதிலும் இல்லை. இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தன. மெஷினை அணைத்து, பழைய சிஸ்டத்தைப் போட்டு, அதன் ஃப்ளாப்பிகளிலும் தேடினேன். அங்கே இருக்க வாய்ப்பே இல்லை என்று தெரிந்தும் தேடினேன். மறுபடி புதியது. மறுபடி பழையது. அண்ணன் வாசலில் நின்று அந்தக் கறகற சத்தத்தை நம்பிக்கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். நாலாவது தடவை ஃப்ளாப்பியை உருவும்போதுதான் சனிக்கிழமை என் விரல்கள் போன வழி எனக்கு நினைவு வந்தது. எழுத்து எழுத்தாக நினைவு வந்தது.

பத்தடி தூரத்தில் ஆபீசர் உட்கார்ந்திருந்தார். வாசலில் அண்ணன். இரண்டு பேருக்கும் கேட்கும்படி, "தப்பு என்னுது, அழிச்சிட்டேன்" என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். நான் வாசலுக்கு வந்து, "மெஷின்ல இல்லியேண்ணா" என்றேன்.

"நல்லா பாரு தம்பி."

"நாலு வாட்டி பாத்துட்டேன்."

அவர் விஷயத்தை ஊர்க்கூட்டத்துக்குக் கொண்டுபோனார். மறுநாள் மதியம் கொட்டகையில் எல்லாரும் கூடினார்கள். பாடு விஷயத்தில் பொய் சொல்லி அடுத்தவன் நாளைக் கேட்டால் எங்கள் ஊரில் ஒரே தண்டனைதான். அந்த வருஷம் முழுக்க அவனுக்குப் பாடு கிடையாது. கோயில் முன்னால் சபையில் விழுந்து கும்பிடவும் வேண்டும். இது தெரிந்துதான் அண்ணன் கூட்டம் கேட்டார். தன் பக்கம் அத்தனை உறுதியாக இருந்தார்.

பெரியவர் மீசைக்காரரைக் கேட்டார். "செவ்வாக்கெயம அவன் எடத்துல வல கட்டனியே, எப்பிடி?"

"எடம் சும்மா கெடந்துச்சு. ஆளு ஊர்ல இல்ல. கட்டனேன். அவன் இன்னா நெனச்சானோ எனுக்கு இன்னா தெரியும்? தாள்ல எம் பேருதான போட்டுக்குது?" அவர் என்னைப் பார்க்கவே இல்லை, தாளைத்தான் பார்த்துப் பேசினார். நானும் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரே தாளுக்குப் பின்னால் இரண்டு பேர் ஒளிந்துகொண்டோம். ஆனால் அவருக்கு ஒளிய இடம் செய்து கொடுத்தவன் நான்.

"சாச்சி யாரு?" என்று பெரியவர் அண்ணனைக் கேட்டார்.

"கம்ப்யூட்டர் தம்பிதான். தம்பிகிட்ட சொன்னேன். எங்கண்ணு முன்னாடி எயுதுச்சு."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் எழுந்து நின்றேன். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. வாசற்படி, வாளி, வெளுத்த முகம், சிமெண்டில் ஈரக் கால் எல்லாம் கண் முன்னால் நின்றது. வாயைத் திறந்தேன்.

"மெஷின்ல இல்ல" என்றேன்.

"மெஷின உடுப்பா. உனுக்கு நெனப்புக்குதா? வந்து சொன்னானா?"

"தெனம் பத்து பேரு வர்றாங்க. மெஷின்ல இருக்கறதத்தான் நான் சொல்ல முடியும்."

இந்த இரண்டு வாக்கியத்தையும் வைத்து எந்தக் கோர்ட்டிலும் என்னைப் பொய்யன் என்று நிரூபிக்க முடியாது. பி.காம். படித்த மூளை. மெஷினில் இல்லை என்பது உண்மை. மீன் கணக்கு சொல்ல வருகிறவர்களையும் சேர்த்தால் பத்து பேர் வருவதும் கிட்டத்தட்ட உண்மை. உண்மைகளை அடுக்கி ஒரு மனுஷனைப் பொய்யனாக்கிவிட்டு உட்கார்ந்தேன். எதற்காக? வேலை போய்விடும் என்றா? போயிருக்காது. ஆபீசர் இரண்டு நாள் முறைத்திருப்பார், அவ்வளவுதான். கூட்டத்தில் சிரித்திருப்பார்கள். "மெஷினு மறக்காதுன்னியேடா" என்று ஒரு மாதம் கிண்டல் செய்திருப்பார்கள். அந்தச் சிரிப்புக்குத்தான் பயந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை. தேடிப் பார்த்தாயிற்று.

அண்ணன் வாதாடவில்லை. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கோயில் முன்னால் போய்க் குப்புற விழுந்தார். எழுந்தபோது நெற்றியிலும் மூக்கிலும் மணல் ஒட்டியிருந்தது, தட்டிவிடவில்லை. அந்த வருஷம் அவருக்குப் பாடு இல்லை என்று தீர்ப்பானது.

அதைவிட மோசமான ஒன்று அதற்குப் பிறகு நடந்தது. பெரியவர் என் தோளைத் தட்டி எல்லாரும் கேட்கச் சொன்னார்: "தெனம் அவன் படகுலதான் போறான். பக்கத்தூட்டுக்காரன் வேற. அப்டியும் ஒரு பக்கமா பேசல பாரு. இதான் நாயம்." நைனா மூலையில் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அன்று வீட்டில் எனக்குப் பெரிய மீனாக எடுத்து வைத்தார்கள். தின்றேன். அதையும் சொல்லிவிட வேண்டும். கசக்கவில்லை, நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை கரைக்குப் போகவே கால் வரவில்லை. வேறு படகு தேடலாமா என்று பார்த்தேன். அண்ணன் வழக்கமான இடத்தில் படகோடு நின்றார். பலகை துடைத்துப் போட்டிருந்தது. ஏறி உட்கார்ந்தேன். முகத்துவாரத்தின் பக்கம் மீசைக்காரரின் படகு நிற்பது தெரிந்தது. அன்றைக்குத்தான் அந்த நாள். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பாமல் கோல் ஊன்றிக்கொண்டே வந்தார். பாதி ஏரி தாண்டியதும் பேசினார்.

"தம்பி, தப்பா நெனச்சிக்காத. உன்ன கூட்டத்துல நிக்க வெச்சிட்டேன்."

கோலை மறுபக்கம் மாற்றி ஊன்றினார்.

"ராவெல்லாம் ரோசன பண்ணேன். உங்கிட்ட வந்து சொன்ன மாதிரிதான் இக்குது. ஆனா அன்னிக்கி எம் புத்தி எங்கிட்ட இல்ல. அவ அங்க கத்திக்கினு கெடக்கறா. படி ஏறி வந்து நின்னேனா, வரணும்னு நெனச்சேனா, ஒண்ணும் தெரில. சொல்லாமலே போய்ட்டேன் போலக்குது. மெஷினு பொய் சொல்லுமா இன்னா?"

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஏரியில் எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. சிரிக்க ஒரு ஆள் இல்லை. வாய்வரை வந்தது என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதுகூட வரவில்லை. "பரவால்லண்ணா, உடு" என்றேன். அவரை மன்னித்துவிட்டேன், அதுதான் நான் செய்தது.

அந்த மழையில் அவர் வீட்டுக் கூரை ஒழுகியபடியே இருந்தது. குழந்தையைப் பக்கத்தில் எங்கள் வீட்டில்தான் தூங்கவைப்பார்கள். என் பாயில். நான் ஒரு நோட்டு வாங்கி, பாட்டு மாற்றம் சொல்ல வருகிறவர்கள் இரண்டு பேரிடமும் கைநாட்டு வாங்க ஆரம்பித்தேன். வாசலில் இருந்த வாளியை எடுத்துவிட்டு உள்ளே ஒரு பெஞ்சும் போட்டேன். அதையும் என் புத்திசாலித்தனம் என்றே ஊர் பேசியது. பழைய சிஸ்டத்தின் ஃப்ளாப்பியைக் கொஞ்ச நாளில் பூசணம் தின்றது. புதியது மட்டும் ஓடியது. இனிக் கை தடுமாற வழியில்லை.

இரண்டு வருடம் கழித்து மெட்ராசில் பெரிய வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின நாள் நைனா பக்கத்து வீட்டுக்காரர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அண்ணனும் அக்காவும் பையனோடு வந்தார்கள். அண்ணன் நல்ல உற்சாகத்தில் இருந்தார். "இந்த தம்பி மேலயே நான் ஒரு வாட்டி பயி போடப் பாத்தேன், தெரியுமா?" என்று என் நைனாவிடம் ஆரம்பித்து, தன் மறதியைப் பற்றித் தானே சிரித்துச் சிரித்துச் சொன்னார். இப்போதெல்லாம் எதையும் தன் ஞாபகத்தை நம்பி விடுவதில்லை, எல்லாவற்றுக்கும் பெண்டாட்டியைக் கேட்டுக்கொள்வதாகச் சொன்னார்.

பையனுக்கு முள் எடுத்து ஊட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "ஆனா அன்னிக்கி ஆஸ்பத்திரிக்கி வந்ததுமே, தம்பிகிட்ட எயுத சொல்ட்டேன், கூரைய பத்தி கவலப்படாதன்னு எங்கிட்ட சொன்னியே நீ" என்றார். அவரிடம்தான் பேசினார். பார்த்தது என்னை.

"அட, நீ சும்மா இரு. மெஷினு பொய் சொல்லுமா?" என்று அண்ணன் என் பக்கம் திரும்பினார். "சொல்லு தம்பி."

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நைனாவும் பார்த்தார்.

"சொல்லாதுக்கா" என்றேன்.